சலாபக் கரையிலிருந்து முத்துநகர் கடற்கரை வரை

தூத்துக்குடியில் வெளியூர்க் கூட்டத்தைக் கரைக்கு வரவழைத்தவை பூங்காவும் நடைபாதையும் மட்டுமல்ல. அவற்றுக்கு வெகுகாலம் முன்பே முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, அந்த வேலையைச் செய்தது. குளிப்புப் பருவத்துக்கென மணலில் எழுந்து, பருவம் முடிந்ததும் கலைந்துபோன அந்தக் கொட்டகை ஊரை விட்டுவிட்டு இன்றைய சுற்றுலாக் கரையைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கருத்து.

இந்தக் கரையில் துறைகள் ஓரிடத்தில் நிலைத்ததில்லை. பாண்டியரின் முத்துத்துறையான கொற்கை, தாமிரபரணி வண்டலால் கடல் விலகி, இன்று உள்நாட்டுச் சிற்றூராகக் கிடக்கிறது. மார்க்கோ போலோ குறிப்பிடும் காயலும் தூர்ந்தது. போர்த்துக்கீசியர் காலத்தில் தூத்துக்குடி தலையெடுத்தது; 1658இல் டச்சுக்காரர் வசமானது, பின்னர் ஆங்கிலேயரிடம் போனது. கொடிகள் மாறினாலும் கடலில் இறங்கியவர்கள் பரதவர்களும் கரையோர முஸ்லிம்களுமே.

சலாபம் நினைத்தபோது கூடுவதில்லை. முதலில் பார் பார்க்க வேண்டும். கடலடிப் பாறைத்திட்டுகளான பார்களுக்கு அதிகாரிகள் தோணியில் போய், குளியாட்களை இறக்கிச் சிப்பி எடுத்து, பிளந்து, முத்தை மதிப்பிடுவார்கள். சிப்பி முற்றவில்லை என்றால் அந்த ஆண்டு சலாபம் இல்லை. இப்படி இரண்டு சலாபங்களுக்கு இடையே பல ஆண்டுகள் ஓடிவிடும். முற்றியிருந்தால்தான் அறிவிப்பு வரும். பிறகு கரையில் பந்தலும் கடையும் சிப்பி குவிக்கும் கோட்டுகளும் எழும். கல்லைக் காலில் மாட்டிக் குளியாள் இறங்க, மேலே தோணியில் நிற்பவர் கயிற்றைக் கவனிப்பார். ஒரு முங்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். ஆங்கிலேயர் ஆட்சியில், கரை சேர்ந்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசின் பங்கு ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என ஏலம் போகும். சிப்பி அழுகும் நாற்றமும் காலரா பயமும் எப்போதும் உண்டு. 1889இல் நடந்த சலாபத்தைச் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் நேரில் கண்டு எழுதியிருக்கிறார்.

முத்து ஒருபுறமிருக்க, துறைமுகம் வேறு கதை. கரையோரம் ஆழம் குறைவு என்பதால் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டன. சரக்கு தோணிகளில் வந்தது. 1876இல் ரயில் வந்தது, 1906இல் வ.உ.சி.யின் சுதேசி கப்பல் கம்பெனி பிறந்தது. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதிய துறைமுகம் தெற்கே அமைந்தது. அதன் கட்டுமானத்தால் முயல்தீவு நிலத்தோடு இணைந்தது. பழைய கரையில் தோணிகள் தங்கின. அந்தக் கடற்கரைச் சாலையோரம் ரோச் பூங்காவும் முத்துநகர் கடற்கரையும் மக்கள் கூடும் இடங்களாயின. 2017இல் தூத்துக்குடி ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் சேர்க்கப்பட்ட பின் நகரை அழகுபடுத்தும் பணிகள் வேகமெடுத்தன.

ஆனால் முத்து 1961 சலாபத்தோடு நின்றுவிட்டது. 1973இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் இங்கே செயற்கை முறையில் முத்து விளைவித்தார்கள்; ஆனாலும் பார்கள் மீளவில்லை. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டியதன் விலையைக் கரைக்கு அப்பால் உள்ள தீவுகள் கொடுத்தன. 1986இல் சுமார் 16 ஹெக்டேராக இருந்த வான்தீவு, 2014இல் 2 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. 2015 முதல் அதைச் சுற்றிச் செயற்கைப் பவளத்திட்டுகளை இறக்கி அரிப்பைத் தடுக்க முயல்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாயின. அவற்றில் இரண்டு ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன.

கரையை அழகாக்குவதை நான் எதிர்க்கவில்லை. ஊரின் பனிமயமாதா ஆலயத் திருவிழாவுக்கு வருகிறவர்கள் உட்கார நல்ல கடற்கரை வேண்டும். கேள்வி வரிசை முறையைப் பற்றியது. சலாபக் காலத்தில் கடலை அளந்த பிறகே கரையில் கடை கட்டினார்கள். இப்போது கரையைக் கட்டிவிட்டுக் கடலைக் கேட்கிறோம். தீவுகளுக்குப் படகுச் சுற்றுலா என்ற பேச்சு எழும்போதெல்லாம், முதலில் ஒரு பருவம் பார் பார்க்க வேண்டும். அதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. தூத்துக்குடியின் திரேஸ்புரத்தில் இன்றும் சங்கு குளிப்பவர்கள் இருக்கிறார்கள். எந்தப் பார் உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது என்று அவர்களுக்குத் தெரியும்.