விளக்கும் குடமும்



தலைமன்னார் இறங்குதுறைக்கு இராமேசுவரத்துக் கப்பல் இன்னும் வந்து போய்க்கொண்டிருந்த காலம். 1982 ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் இலங்கை மக்கள் இருமுறை வாக்களித்தனர். மன்னார்த் தீவினரும் அவ்வாறே.

ஒக்டோபர் 20 ஆம் நாள் சனாதிபதித் தேர்தல். ஜே. ஆர். ஜயவர்த்தனாவை எதிர்த்து ஐவர் நின்றனர். முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமைகள் 1980 இலேயே பறிக்கப்பட்டிருந்தமையால், அவர் கட்சிக்காக ஹெக்டர் கொப்பேகடுவ நின்றார். இடதுசாரிகள் மூவர் தனித்தனியே நின்றனர். தமிழ்க் காங்கிரசின் குமார் பொன்னம்பலமும் நின்றார். தமிழர் விடுதலைக் கூட்டணியோ வேட்பாளரை நிறுத்தவில்லை.

எதிரணி ஒன்றுபட்டிருப்பின் வென்றிருக்கும் என்பர் சிலர். கணக்கு அதற்கு இடந்தரவில்லை. ஜயவர்த்தனா பெற்றது நூற்றுக்கு 52.91, ஐவரும் சேர்ந்து பெற்றது 47.09. ஆயினும் பிளவின் விலை வேறோரிடத்தில் இருந்தது. எதிர்ப்பு இவ்வளவு சிதறிக் கிடப்பதைக் கண்ட ஆளுங் கட்சி, பொதுத் தேர்தலையே தவிர்க்கத் துணிந்தது. 1977 இல் தெரிவான பாராளுமன்றத்தை மேலும் ஆறாண்டு நீடிக்கலாமா என்று மட்டும் மக்களைக் கேட்டது. நாட்டில் அவசரகால நிலை. நீடிக்கலாம் என்போருக்கு விளக்குச் சின்னம், கூடாது என்போருக்குக் குடம்.

திசம்பர் 22 அன்று, அதுகாறும் சேராதிருந்தவர்கள் ஒரே குடத்தின் கீழ் நின்றனர். அவர்களைச் சேர்த்தது உடன்படிக்கையன்று, வாக்குச்சீட்டு! தெற்கில் குடத்துக்கு வாக்களித்தவர் தேர்தல் கேட்டார். வடக்கில் வாக்களித்தவர் மனத்தில் அதனினும் பெரிய குறைகள் இருந்தன. யாழ்ப்பாணத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குடத்துக்கு விழுந்தது. நாடு முழுவதிலும் விளக்கு 54.66 பெற்று வென்றது.

மன்னார்த் தொகுதியின் உறுப்பினர் கூட்டணியைச் சேர்ந்த பி. எஸ். சூசைதாசன். மக்கள் தந்த ஆறாண்டு 1983 ஓகத்தில் முடிந்தது. அதற்கு மேல் ஒரு நாளும் அமரலாகாது என்று தமிழ் இளைஞர் இயக்கங்கள் வற்புறுத்தின. யூலை மாதத்துப் படுகொலைகளும், தனிநாடு கோரேன் என ஆணையிடச் சொன்ன ஆறாவது திருத்தமும் மேல்வந்தன. கூட்டணியினர் அவைக்குச் செல்லாதொழிந்தனர். மூன்று மாதம் வராமையால் ஒக்டோபர் 22 இல் சூசைதாசனின் ஆசனம் பறிபோயிற்று.

அடுத்த ஆண்டு கப்பலும் நின்றது. மன்னார் வாக்காளருக்கு அடுத்த பொதுத் தேர்தல் 1989 பெப்ருவரி 15 இல்தான் வந்தது.