மீசை முளைத்த மாணவர்கள்

தமிழ்நாட்டில் அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனங்களின் கதை பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறது. 1953இல் மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னையில் பால விகாரைத் தொடங்கியபோது கண்முன் நின்றவர்கள் குழந்தைகள். குழந்தைகள் வளர்ந்தார்கள். மீசை முளைத்த பிறகும் சிறப்புப் பள்ளிக்கே வந்தவர்களுக்காகப் பள்ளிகளின் பின்கட்டில் தொழிற்பயிற்சிக் கூடங்கள் எழுந்தன. மெழுகுவத்தி, காகித உறை, மிதியடி செய்தார்கள். ஊக்கத்தொகை என்று ஏதோ கிடைத்தது. இருபது வயதில் சேர்ந்தவர் நாற்பதிலும் பயிற்சியிலேயே இருப்பதைப் பயிற்சி என்று எப்படிச் சொல்வது?

பெற்றோரின் கவலை வேறு. "எங்களுக்கப்புறம் இவனை யாரு பாத்துப்பாங்க?" அவர்கள் இதையே விடாமல் கேட்டதன் பயன், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். சென்னை வித்யா சாகரை நிறுவிய பூனம் நடராஜன் பின்னாளில் அந்த அறக்கட்டளையின் தலைவரானார். சட்டப்படி மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழு, 18 வயது கடந்தவருக்குப் பாதுகாவலரை நியமிக்கலாம். திருவள்ளூர் மாவட்டத்தின் கடம்பத்தூர்க்காரர்கள் அதற்கு ஆட்சியர் இருக்கும் திருவள்ளூர் போனால் போதும். ரயிலில் இரண்டே நிறுத்தம்.

வேலைக்கு அனுப்புவதில் இருந்த ஒரு சிக்கலை இங்கே சொல்லியாக வேண்டும். இந்த ரயில்பாதை நெடுக, ரயில்வேயிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் உழைத்து ஓய்வு பெற்ற குடும்பங்கள் உண்டு. மத்திய அரசு ஊழியரும் அவர் துணையும் காலமானபின், பிழைப்புக்கு வழியில்லாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் ஆயுள் முழுதும் வரும். ஆனால் முன்பு மாத வருமானம் 9,000 ரூபாயையும் அதற்குரிய அகவிலை நிவாரணத்தையும் எட்டினால் உரிமை போய்விடும். அப்படியிருக்க எந்தத் தாய் மகனை வேலைக்கு அனுப்புவாள்? 2021 பிப்ரவரியில்தான் விதி தளர்ந்தது. பெற்றோர் கடைசியாக வாங்கிய சம்பளத்தின் 30 விழுக்காட்டையும் அகவிலை நிவாரணத்தையும் சேர்த்த தொகைக்குக் குறைவாகச் சம்பாதித்தால் ஓய்வூதியம் தொடரும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 விழுக்காடு ஒதுக்கியது. அதில் 1 விழுக்காட்டை அறிவுசார் மாற்றுத்திறனாளிகள் ஆட்டிசம், மனநோய் உள்ளவர்கள் முதலானோருடன் பகிர்ந்துகொள்ள வேண்டும். தனியார் ஆலைகளுக்கு ஊக்கச் சலுகை மட்டுமே, கட்டாயமில்லை. காக்களூர்த் தொழிற்பேட்டையோ கும்மிடிப்பூண்டியோ, கதவைத் தட்டுவது நம் பொறுப்பு.

பேக்கிங், லேபிள் ஒட்டுதல், உதிரிபாகம் பிரித்தல் போன்றவை இவர்களில் பலர் நன்றாகச் செய்யக்கூடியவை. முதல் சில மாதங்கள் ஒரு பயிற்றுநர் கூடவே நிற்க வேண்டும். கம்பெனி பஸ்ஸை அடையாளம் காண்பது, ஏடிஎம் ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதிருப்பது, வாடகை அறையில் தனியாகச் சமைப்பது எல்லாம் அவர் சொல்லித்தருபவை. அவருடைய சம்பளத்தை யார் தருவது என்ற இடத்தில்தான் பேச்சு பெரும்பாலும் நின்றுவிடுகிறது.