இரண்டாவது கோடு

தமிழில் கர்ப்பத்தைக் குறிக்கும் சொற்களில் எனக்குப் பிடித்தது 'முழுகாம இருக்கா' என்பது. விலக்காகித் தலைமுழுகவில்லை, அவ்வளவுதான் செய்தி. வயிற்றில் என்ன இருக்கிறது என்று அந்தச் சொல் சொல்வதில்லை. வராத ஒன்றை மட்டும் சொல்கிறது. நாள் தள்ளியிருக்கு, பார்ப்போம். மசக்கை வரட்டும், அப்புறம் சொந்தக்காரங்களுக்குச் சொல்லிக்கலாம்.

காத்திருக்க முடியாதவர்களும் இருந்தார்கள். சுமார் 3,300 ஆண்டுகள் பழமையான ஓர் எகிப்தியப் பாப்பிரஸில் கோதுமை, பார்லி மூட்டைகள் மேல் பெண் தினமும் சிறுநீர் கழிக்க வேண்டும் என்றிருக்கிறது. முளைத்தால் கர்ப்பம். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் 1963இல் எகிப்திய ஆய்வாளர்கள் இதைச் செய்து பார்த்தபோது, கர்ப்பிணிகளின் சிறுநீரில் சுமார் 70 விழுக்காடு தடவை தானியம் முளைத்தது. எது முதலில் முளைக்கிறது என்பதை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லும் பகுதி மட்டும் பலிக்கவில்லை.

1920களின் கடைசியில் பெர்லினில் செல்மார் ஆஷ்ஹைம், பெர்ன்ஹார்ட் சோன்டெக் இருவரும் ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். பெண்ணின் சிறுநீரைப் பருவமடையாத எலிக்குள் சில நாட்கள் ஊசியாகப் போட வேண்டும். பிறகு எலியைக் கொன்று சூலகத்தைப் பார்க்க வேண்டும். அடுத்து முயல் வந்தது. 'முயல் செத்துப்போச்சு' என்றால் கர்ப்பம் உறுதி என்று அமெரிக்காவில் ஒரு பேச்சு உண்டு. உண்மையில் விடை எதுவானாலும் முயல் சாகத்தான் செய்தது.

தவளைக்கு அந்தக் கதி இல்லை. கேப் டவுனில் லான்சலாட் ஹாக்பென் செய்த ஆய்வுகளைத் தொடர்ந்து, ஆப்பிரிக்க நகத் தவளைக்குக் கர்ப்பிணியின் சிறுநீரைச் செலுத்தினால் மறுநாளுக்குள் முட்டையிடும் என்று 1930களில் தெரிந்தது. முட்டை கண்ணுக்கே தெரியும். அதே தவளையைச் சில வாரம் கழித்து மறுபடியும் பயன்படுத்தலாம். ஆயிரக்கணக்கில் கப்பலேறின. வேலை போன பிறகு தப்பியும் விடப்பட்டும் போனவற்றின் வாரிசுகள் கலிபோர்னியாவிலும் சிலியிலும் இன்னும் நீந்துகின்றன.

இதிலெல்லாம் ஒரு விஷயம் மாறவே இல்லை. விடை பெண்ணிடம் போகாது. எடின்பரோவில் 1929இல் தொடங்கிய பரிசோதனை நிலையம் மருத்துவர் வழியாக வந்த மாதிரிகளைத்தான் எடுத்துக்கொண்டது. முதலில் ஆய்வகத்துக்குத் தெரியும், அப்புறம் டாக்டருக்கு. கடைசியில்தான் அவளுக்கு.

1960இல் ஸ்வீடனில் வைட், கெம்செல் இருவரும் உயிருள்ள பிராணி இல்லாமலே இதைச் சோதனைக் குழாய்க்குள் செய்து காட்டினார்கள். ஆட்டின் சிவப்பணுக்கள்மேல் எச்சிஜி ஹார்மோனைப் பூசி, அதற்கான எதிர்ப்பொருளோடு கலப்பார்கள். சிறுநீரிலும் எச்சிஜி இருந்தால் எதிர்ப்பொருள் அங்கே செலவாகிவிடும். அணுக்கள் ஒட்டிக்கொள்ளாமல் அடியில் வளையமாகப் படியும். வளையம் என்றால் கர்ப்பம்.

1967இல் நியூ ஜெர்சியில் ஆர்கனான் நிறுவனத்துக்கு அழகுசாதன டப்பா வடிவமைக்க வந்தவர் மார்கரெட் கிரேன், வயது 26. ஆய்வகத்தில் கண்ணாடிக்கு மேலே வரிசையாகத் தொங்கிய குழாய்களைப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். இவ்வளவுதானா, வீட்டிலேயே செய்யலாமே என்று தோன்றியது. மேசைமேல் இருந்த பேப்பர் கிளிப் டப்பாவை எடுத்து மாதிரி செய்தார். அடியில் சின்னக் கண்ணாடி, ஒரு குழாய், ஒரு சொட்டுக்குழல். பொறியியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் பொறாமைதான். புது ரசாயனம் எதுவும் இல்லை, இருந்ததை இடம் மாற்றினார்.

நிறுவனம் தயங்கியது. டாக்டர்கள்தான் அவர்களின் வாடிக்கையாளர்கள். கிரேனின் பெயரில் காப்புரிமை வந்தது, 1 டாலருக்கு எழுதிக் கொடுத்தார். அந்த 1 டாலரும் கைக்கு வரவில்லை என்று பின்னாளில் சொன்னார். 'பிரிடிக்டர்' முதலில் கனடாவில் விற்பனைக்கு வந்தது. 1970களின் கடைசியில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த கிட்டுக்கு நாள் தள்ளி 9 நாள் ஆகியிருக்க வேண்டும், 2 மணி நேரம் குழாயை அசைக்கக் கூடாது.

1988இல் கிளியர்புளூ அதை ஒரே குச்சியாக்கியது. காகிதத்தில் ஈரம் ஊர்ந்துபோக, சாயம் ஒட்டிய எதிர்ப்பொருள் எச்சிஜியைப் பிடித்துக்கொண்டு கோட்டில் போய் நிற்கும். கோவிட் காலத்தில் நாம் மூக்கில் விட்டுக் குலுக்கிய ஆர்டிகே கிட் இதே தொழில்நுட்பம்தான்.

அதே 1988இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. குழந்தைக்கு முயன்ற 221 பெண்களின் சிறுநீரைத் தினமும் சோதித்திருந்தார்கள். 198 கர்ப்பங்களில் 22 விழுக்காடு, வழக்கமான முறையில் கண்டறியப்படும் முன்பே முடிந்துபோயிருந்தன.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் உண்டு. போன வருடம் 8 ரிங்கிட் கிட்டில் இரண்டாவது கோடு வந்தது, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிற மாதிரி. நாள் தள்ளி ஒரே நாள். மறுநாள் இன்னொரு கிட் வாங்கினோம், அதிலும் கோடு. எச்சிஜி இரண்டு மூன்று நாளில் இரட்டிப்பாகும் என்று படித்துவிட்டு, கோடு அடர்த்தியாகும் என்று தினம் காலையில் பார்த்தோம். ஆகவில்லை. ஆறாவது நாள் விலக்காகிவிட்டது. கிளினிக்கில் டாக்டர், இது சகஜம், நீங்க எதுவும் தப்பா செஞ்சதால இல்ல என்று பொறுமையாகச் சொன்னார். மனைவி இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாவது நாள் அம்மா வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "இவனுக்கு முன்னாடி எனக்கும் ஒரு தடவ பத்து நாள் தள்ளி வந்துச்சும்மா. ரொம்ப வயித்துவலி. எஸ்டேட்ல வெயில்ல நின்னதால தள்ளிப்போச்சுன்னு நெனச்சேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப நீ சொல்றப்பதான் யோசிக்கிறேன்" என்றார்.