மரபுவழி விறைப்புக் கால்வாதம்

மரபுவழி விறைப்புக் கால்வாதம் என்பது, மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நீண்ட நரம்பிழைகள் மெல்லச் சிதைவதால் இரு கால்களும் இறுகி வலுவிழக்கும் பரம்பரை நோய்களின் தொகுதி. சுருக்கமாக ஹெச்.எஸ்.பி. எனப்படும். ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் ஸ்ட்ரம்பெல் 1880-இல் இரு சகோதரர்களிடம் இதைக் கண்டு பதிவுசெய்தார். 1898-இல் பிரான்சின் மோரிஸ் லொரேன் விரிவாக விவரித்தார். ஸ்ட்ரம்பெல்-லொரேன் நோய் என்ற பழைய பெயர் இவர்களால் வந்தது.

மூளைப் புறணியில் இருக்கும் ஒரு செல், இடுப்பு மட்டம் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுள்ள ஆக்சான் எனும் நரம்பிழையைப் பேண வேண்டியிருக்கிறது. அதற்கு வேண்டிய புரதங்களும் மைட்டோகாண்ட்ரியாவும் ஆக்சானுக்குள் இருக்கும் நுண்குழல்கள் வழியே பயணிக்கின்றன. இந்தப் போக்குவரத்து சற்றே பழுதானாலும் கடைக்கோடிதான் முதலில் பட்டினி கிடக்கும். கைகளுக்குச் செல்லும் இழைகள் குட்டையானவை. ஆகவே பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

இதுவரை 80-க்கும் மேற்பட்ட மரபணு வகைகள் எஸ்.பி.ஜி. என்ற எழுத்துகளோடு எண்ணிடப்பட்டுள்ளன. எண்கள் ஆய்வின் காலவரிசையைத்தான் காட்டுகின்றன. நோயைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. புதிதாகப் படிக்க வருபவர் இதில் தடுமாறுவது இயல்பு. ஓங்குமரபில் வருபவற்றில் சுமார் 40 விழுக்காடு எஸ்.பி.ஜி.4. அதற்குரிய ஸ்பாஸ்ட் மரபணு 1999-இல் அடையாளம் காணப்பட்டது. அது உருவாக்கும் ஸ்பாஸ்டின் புரதம் நுண்குழல்களைத் துண்டித்துச் சீரமைக்கிறது. அட்லாஸ்டின், ரீப்1 ஆகிய புரதங்கள் ஸ்பாஸ்டினோடு சேர்ந்து செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலைக்கு வடிவம் தருகின்றன. மரபணுக்கள் பல, பழுதாகும் பணிகள் சில என்பதே இந்த ஆய்வுகளின் முக்கியமான முடிவு.

நோய்களுக்கிடையிலான வேலியும் உறுதியானதல்ல. செல்லின் கழிவைச் சிதைக்கும் லைசோசோமின் பணியைப் பாதிக்கும் எஸ்.பி.ஜி.11 மரபணுவின் பிழை, சிலரிடம் ஏ.எல்.எஸ். என்ற இயக்க நரம்புச் சிதைவு நோயாக இளவயதிலேயும், சிலரிடம் பார்க்கின்சன் போன்ற அறிகுறிகளோடும் வெளிப்படுகிறது. எஸ்.பி.ஜி.10-க்குக் காரணமான கிஃப்5ஏ மரபணுவுக்கும் ஏ.எல்.எஸ். நோய்க்கும் உள்ள தொடர்பு 2018-இல் தெரியவந்தது.

நோயை நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை. பேக்லோஃபென், போட்யூலினம் ஊசி, இயன்முறைப் பயிற்சி ஆகியவை இறுக்கத்தைத் தளர்த்துவதோடு சரி. எஸ்.பி.ஜி.5 வகையில் கொலஸ்ட்ராலின் வழிப்பொருள் ஒன்று இரத்தத்தில் மிகுகிறது. அடார்வாஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மருந்து அதைக் குறைப்பதை ஜெர்மனியில் 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. எஸ்.பி.ஜி.50 உள்ள ஒரு குழந்தைக்கு 2022 மார்ச்சில் டொரான்டோவின் சிக்கிட்ஸ் மருத்துவமனையில் மரபணுச் சிகிச்சை தரப்பட்டது. அந்த ஒரு குழந்தையிடம் மட்டும் நடத்தப்பட்ட சோதனை அது.

மருந்தைக் கண்டுபிடிப்பதை விட, அது பயன் தருகிறது என்று நிறுவுவது கடினம். நோயாளிகள் சிலரே, நோயோ பல பத்தாண்டுகளில் ஊர்ந்து முன்னேறுவது. நடை, படியேறுதல், தசை இறுக்கம், வலி போன்ற 13 கூறுகளை அளந்து 52 புள்ளிகள் வரை மதிப்பிடும் அளவுகோல் 2006 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. ஓரிரு ஆண்டுகளே நடக்கும் மருந்துச் சோதனையில் அந்தப் புள்ளிகள் அதிகம் நகர்வதில்லை. ஆகவே இரத்தத்திலோ தண்டுவட நீரிலோ அளக்கத்தக்க உயிர்க்குறிகளை ஆய்வாளர்கள் இப்போது தேடுகின்றனர்.