உப்புக் குவியலும் சியாச்சின் பனியும்

போன மாசம் மரக்காணம் உப்பளத்தில், பழைய குவியல் ஒன்றின் அடியிலிருந்து ஒரு கை உப்பு அள்ளப் போனேன். பக்கத்தில் வேலையாக இருந்த அம்மா அதட்டினார்: "அடியில நோண்டாத தம்பி, மேல இருக்கறது பலகையாட்டம் வந்து விழும்." மழையில் நனைந்து காய்ந்ததில் குவியலின் மேற்புறம் ஓடு மாதிரி இறுகியிருந்தது. உள்ளே பொலபொலவென்று தனித்தனிக் கல்.

பனிச்சரிவு பற்றி நான் சேர்த்து வைத்திருந்த குறிப்புகளில் பாதியை அந்த ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

குறிப்பெடுக்க ஆரம்பித்ததற்குக் காரணம் 2016 பிப்ரவரி 3. அன்று சியாச்சினில், சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் ராணுவச் சாவடி பனியில் புதைந்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் உள்ளே. அவர்களில் நாலு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமங்கள்.

"அவ்வளவு பனி பெஞ்சா சரியத்தானே செய்யும்" என்றுதான் அப்போது நினைத்தேன். அது பாதி உண்மைதான். எவ்வளவு பெய்தது என்பதோடு, எதன்மேல் பெய்தது என்பதும் முக்கியம்.

இதை முறையாக ஆராய்ந்தது 1930களில், ஸ்விட்சர்லாந்தின் டாவோஸ் ஊருக்கு மேலே. மண்ணின் உறுதியைப் படித்த ஹேஃபெலியும், கனிமவியல் படித்த பாடரும் அங்கே பனியை வெட்டிப் பார்த்தார்கள். நம்ம ஊர்ல கிணறு தோண்டினா மண் அடுக்கடுக்காகத் தெரியுமே, அதே மாதிரிதான் பனியும். தரையை ஒட்டிய பனி அவ்வளவாகக் குளிர்வதில்லை. மேலே காற்று கடுங்குளிர். இந்த வித்தியாசத்தால் அடிப்பனியிலிருந்து நீராவி மேலேறி, அங்கிருக்கும் துகள்கள் கிண்ணம் போன்ற பெரிய படிகங்களாக வளர்கின்றன. கல்லுப்பு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டாது. அதன்மேல் புதுப்பனி விழுந்து, காற்றில் இறுகிப் பலகையாகிறது. 30 முதல் 45 டிகிரி வரையான சரிவில் ஒரு ஆள் நடந்தாலே போதும், மொத்தமும் இறங்கிவிடும். மலையேறிகள் சிக்கும் சரிவுகளில் பெரும்பாலானவற்றை அவர்களோ கூட வந்தவர்களோதான் தூண்டிவிடுகிறார்கள். அடியில நோண்டாத தம்பி!

இந்தியாவில் இந்த ஆய்வுக்காக மணாலியில் 1969இல் 'ஸ்னோ அண்ட் அவலாஞ்ச் ஸ்டடி எஸ்டாப்ளிஷ்மென்ட்' தொடங்கப்பட்டது. 2020இல் அது வேறொரு பாதுகாப்பு ஆய்வகத்தோடு இணைக்கப்பட்டது. இமயமலைப் பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை கொடுப்பது இந்த அமைப்புதான்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சோனத்தில் விழுந்தது இந்தப் 'பலகை' அல்ல. சாவடிக்கு மேலே நின்ற பனிக்கட்டிச் சுவரே உடைந்து விழுந்தது என்றது ராணுவம். குழி வெட்டி அடுக்கைப் படித்திருந்தாலும் அது தெரிந்திருக்காது. அங்கே கேள்வி வேறு: எதன் கீழே தங்குகிறோம்?

புதைந்தவரை முதல் 15 நிமிடத்துக்குள் எடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். 35 நிமிடம் ஆனால் மூன்றில் ஒருவர்தான். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவோ சுமார் 25 அடி ஆழத்தில் ஆறு நாள் கழித்து உயிரோடு கிடைத்தார். நாடே வேண்டிக்கொண்டது. பிப்ரவரி 11 அன்று அவரும் இறந்துபோனார்.

மார்கழிக் காலைப் புல்லில் இருப்பதும் பனி, சியாச்சினில் ஆளை விழுங்கியதும் பனி. நமக்கு ஒரே சொல்தான். இப்போது நம்ம ஊர்ப் பிள்ளைகள் இமயமலைக்கு ட்ரெக்கிங் போகிறார்கள். போட்டோவில் எல்லாப் பனியும் ஒரே வெள்ளைதான். கிளம்புவதற்கு முன் அன்றைய எச்சரிக்கையைப் பாருங்கள். 'அடியில என்ன இருக்கு, தலைக்கு மேல என்ன நிக்குது'ன்னு வழிகாட்டியிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரோடு போகாதீர்கள்.