ஒரு குயர் நோட்டு

2003இல் சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் வலைத்தளம் செய்யும் வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கிய ஒரு குயர் நோட்டு இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கிறது. சீனியர்களிடம் கேட்டு எழுதிக்கொண்ட நிரல் துண்டுகளும் செட்டப் குறிப்புகளும்தான் நோட்டு முழுக்க. அம்மாவின் சமையல் குறிப்பு மாதிரி அதில் எதை எங்கே போடவேண்டும் என்று இருக்கும், ஏன் என்று இருக்காது.

முதல் பக்கத்தில் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்பும் நான்கு வரிகள். அன்றைக்குத் தளத்துக்குத் தளம் எழுத்துருவும் அதன் குறியேற்றமும் வேறு. திஸ்கி ஒரு பக்கம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் முடிவான டாம், டாப் இன்னொரு பக்கம். உரிய எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ், கிறுக்கலாகக் கொட்டும். மைக்ரோசாஃப்டின் வெஃப்ட் கருவியில் எழுத்துருவை ஈஓடி கோப்பாக மாற்றி இணைத்தால் தப்பிக்கலாம், அதுவும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்.

யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. அதை பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையை 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில், தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் வரைந்தார்கள். விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தது. ஆனால் எங்கள் வாடிக்கையாளர்களிடம் இருந்த எக்ஸ்பியில் தமிழ் வசதியைத் தனியாக நிறுவவேண்டும். ஆகவே இரண்டாம் பக்கக் குறிப்பு: 'ரீஜனல் செட்டிங்கில் டிக் போடு, விண்டோஸ் சிடியைக் கையில் வைத்திரு.'

மூன்றாம் பக்கத்தில் சிவப்பு மையில் 'செட் நேம்ஸ் யூடிஎஃப்8'. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் சுவீடன் கம்பெனி ஒன்றில் பிறந்தது. அன்றைக்கு நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் லத்தீன்1 எழுத்து என்று எடுத்துக்கொண்டு சுவீடிஷ் அகரவரிசையில் அடுக்கும். தளத்தில் தமிழ் ஒழுங்காகத் தெரியும். டேட்டாபேஸைத் திறந்தால் தலையில் கோடு போட்ட 'ஏ', அடுத்து வட்டத்துக்குள் 'ஆர்', பிறகு ஏதோ ஒரு கிறுக்கல், மறுபடி அதே 'ஏ' என்று ஓடும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். இரண்டாவதும் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். அந்தப் பல்லவி திரும்பத் திரும்ப வருவது அதனால்தான். அது புரிய எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

நான்காம் பக்கம் நோட்பேடுக்கு. யூடிஎஃப்-8 என்று சேமித்தால் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டை அது ஒட்டிவிடும். பிஎச்பி உடனே 'ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்' என்று அலறும். ஒரு ராத்திரி முழுக்க நிரலை வரி வரியாகப் படித்தும் தப்பு அகப்படவில்லை. இருந்த இடம் முதல் வரிக்கும் முன்னால்.

இந்தக் குறிப்புகளில் பெரும்பாலானவை இன்று தேவையில்லை. 2018இல் மைஎஸ்க்யூஎல் 8 யூடிஎஃப்-8ஐயே இயல்பாக்கியது. மறுவருஷம் நோட்பேடும் அந்த மூன்று பைட்டை விட்டது. குறியேற்றம் சொல்லும் மெட்டா வரியை எடிட்டரே போட்டுத் தருகிறது.

போன மாதம் பழைய தளம் ஒன்றைப் புது சர்வருக்கு மாற்றினோம். கூட வேலை செய்யும் பையன் உறுப்பினர் பட்டியலைக் காட்டி, "அண்ணா, 'கிருஷ்ணமூர'ன்னு ஒரு பேர் இருக்கு. இப்படியெல்லாம் பேர் வைப்பாங்களா?" என்றான்.

எண்ணிப் பார்த்தேன். கிருஷ்ணமூர்த்திக்குப் பதினைந்து குறி, நாற்பத்தைந்து பைட். பெயருக்கு அந்தப் பழைய லத்தீன்1 டேபிளில் ஒதுக்கியிருந்தது முப்பது பைட். பத்துக் குறியோடு, பிழை என்றுகூடச் சொல்லாமல், வெட்டிவிட்டது. வெட்டுப்பட்ட புள்ளியும் 'த்தி'யும் இனி எந்த கமாண்டுக்கும் திரும்பா.

ஐந்தாம் பக்கத்தைத் திறந்து அவனிடம் நீட்டினேன். 'பேருக்கு 30 போடாதே, 100 போடு.' அதற்கடியில் தேதி போட்டு, ஏன் என்று எழுதச் சொன்னேன்.