பழைய கௌபாய் துப்பாக்கி உறை வாங்கப் போறீங்களா? எண்ணெய் தடவும் முன் இதைப் படியுங்கள்

சிவகாசியில் இருந்து வரும் லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரைப் படித்து வளர்ந்தவரா நீங்கள்? இல்லை, ஜெய்சங்கர் குதிரையில் வந்த 'கங்கா', 'ஜக்கம்மா' படங்களை டிவியில் பார்த்தவரா? கர்ணன் இயக்கிய அந்த இரண்டு படங்களும் 1972-ல் வந்தவை. 2010-ல் சிம்புதேவன் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' எடுத்தபோதும் அதே தொப்பி, அதே குதிரை, இடுப்பில் அதே தோல் பெல்ட். கௌபாய் என்பவர் தமிழர்களுக்கு ரொம்ப நாளாகவே தெரிந்த ஆள்தான்.

வேலைக்குப் போய் சம்பளம் வர ஆரம்பித்ததும் அந்தப் பெல்ட்டை நிஜமாகவே வாங்கிப் பார்க்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். அமெரிக்க ஏல நிறுவனங்களின் பட்டியல்களை இன்று மொபைலிலேயே பார்க்கலாம். ஆனால் புதிதாகச் சேகரிப்பவர்கள் இரண்டு தவறுகள் செய்கிறார்கள். ஒன்று, சினிமா உறையை அசல் எல்லைப்புற உறை என்று நினைத்து வாங்குவது. இன்னொன்று, வாங்கிய அன்றைக்கே பளபளப்பாக்குவது. முதல் தவறில் பணம்தான் போகும். இரண்டாவதைச் செய்துவிட்டால் அந்தத் தோலை யாராலும் பழையபடி ஆக்க முடியாது.

படத்தில் பார்த்த உறை அந்தக் காலத்து உறைதானா?

பெரும்பாலும் இல்லை. தொடையில் தாழ்வாகத் தொங்கி, காலோடு வாரால் கட்டப்பட்ட 'குயிக் டிரா' உறை 20-ம் நூற்றாண்டுச் சரக்கு. வரிசையாகப் பார்த்தால் இப்படி வரும்:

• 1850-கள், 60-கள்: 'கலிஃபோர்னியா' பாணி. துப்பாக்கியின் வடிவத்தை ஒட்டி ஒல்லியாகத் தைத்த உறை. இடுப்பு பெல்ட்டில் உயரமாக இருக்கும்.

• 1870-கள் முதல்: 'மெக்சிகன் லூப்'. உறையின் பின்பக்கத் தோலை மடித்து, அதில் வெட்டிய பட்டைகளுக்குள் உறையையே நுழைத்திருப்பார்கள். 1873-ல் கோல்ட் நிறுவனத்தின் புகழ்பெற்ற ரிவால்வர் வந்தது. உலோகத் தோட்டாக்கள் பரவப் பரவ, தோட்டா வளையங்கள் தைத்த பெல்ட்டும் பரவியது.

• 1920-கள்: 'பஸ்கடேரோ'. பெல்ட்டிலேயே துளை வெட்டி உறையைக் கீழே தொங்கவிடும் அமைப்பு. டெக்சாஸின் எல் பாசோவில் இருந்த எஸ்.டி. மயர்ஸ் கடையோடு சேர்த்துப் பேசப்படுவது.

• 1950-கள்: ஹாலிவுட். நடிகர்களுக்குத் துப்பாக்கி உருவக் கற்றுக்கொடுத்த ஆர்வோ ஓஹாலா, இரண்டு தோல் அடுக்குகளுக்கு நடுவே உலோகத் தகடு வைத்த உறைக்குக் காப்புரிமை பெற்றார். தோல் அழுத்தாததால், துப்பாக்கி உறைக்குள் இருக்கும்போதே சிலிண்டர் சுழலும், சுத்தியலை இழுக்க முடியும். 'கன்ஸ்மோக்' தொடரின் தொடக்கக் காட்சியில் மார்ஷல் டில்லனோடு மோதுபவர் இவர்தான்.

வேகமாகத் துப்பாக்கி உருவுவது போட்டி விளையாட்டாக மாறியதும் அதே 1950-களில்தான். அதன் தந்தை என்று சொல்லப்படும் டீ வுலம், கலிஃபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பொழுதுபோக்குப் பூங்காவில் வேலை பார்த்தவர். அதனால் ஹாலிவுட் உறையை மட்டம் என்று ஒதுக்க வேண்டாம். அதற்கும் 70 வருட வரலாறு இருக்கிறது, தனியாகச் சேகரிப்பவர்களும் இருக்கிறார்கள். '1880-ல் செய்தது' என்று சொல்லி விற்றால்தான் பிரச்சினை.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

தோலின் வெட்டு முனையைப் பாருங்கள். நடுவில் நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் அது குரோம் உப்பில் பதனிட்ட தோல். அமெரிக்காவில் இந்த முறைக்கு 1884-ல்தான் காப்புரிமை பதிவானது. சென்னைக்கு ஆல்ஃபிரட் சாட்டர்டன் இதைக் கொண்டுவந்தது 1900-களின் தொடக்கத்தில். 1870-களின் உறையில் குரோம் தோல் இருக்க வாய்ப்பே இல்லை.

அடுத்து நூல். புற ஊதா டார்ச் அடித்தால் இன்றைய வெள்ளை நூல்கள் பல நீலமாக ஒளிரும். பழைய லினன் நூல் அப்படிப் பளிச்சென்று ஒளிராது. நைலானே 1930-களின் கடைசியில் வந்த பொருள்தான்.

மூன்றாவது, தேய்மானம். நிஜமாகப் பயன்படுத்திய உறையில் வாய்ப்பகுதி, துப்பாக்கியின் சிலிண்டர் உரசும் இடம், பெல்ட்டின் வழக்கமான கொக்கித் துளை ஆகியவைதான் அதிகம் தேய்ந்திருக்கும். எல்லா இடமும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் உப்புத்தாள் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம்.

நான்காவது, தயாரிப்பாளர் முத்திரை. செயென் நகரின் மீனியா, டென்வரின் ஹைசர் போன்ற பெயர்கள் விலையை ஏற்றும். அதனாலேயே பிற்பாடு அடித்த முத்திரைகளும் உண்டு. ரிச்சர்ட் ரேட்டன்பரியின் 'பேக்கிங் அயர்ன்' என்ற புத்தகத்தின் படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசியாக, காகிதம். பில்லி தி கிட்டைச் சுட்ட பாட் காரட்டின் ரிவால்வர் 2021-ல் போன்ஹாம்ஸ் ஏலத்தில் 60 லட்சம் டாலருக்கு மேல் போனது. அது யாரிடம் இருந்து யாரிடம் போனது என்ற தொடர்ச்சி இல்லாவிட்டால் அந்த விலை இல்லை. உறைக்கும் இதே கணக்குதான்.

இந்தத் தோலுக்கும் ஆவாரம்பட்டைக்கும் என்ன தொடர்பு?

அந்தக் காலத்து உறைகள் ஓக் போன்ற மரப்பட்டைகளின் சாற்றில் பதனிட்ட மாட்டுத்தோல். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோலும் இதே குடும்பம். 'ஈ.ஐ. லெதர்' என்ற பெயரில் அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு எல்லாம் இதற்குப் பேர்போன ஊர்கள்.

தாவரப் பதனிடலுக்கு ஒரு வியாதி உண்டு. காற்றில் இருக்கும் கந்தக டை ஆக்சைடு தோலுக்குள் போய் அமிலமாகிறது. காலப்போக்கில் தோல் செம்மண் மாதிரி உதிரும். இதற்குச் 'செவ்வழுகல்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். 1900-களின் தொடக்கத்தில் லண்டனில் ஒரு குழு, நூலகப் புத்தகங்களின் தோல் அட்டைகள் ஏன் உதிர்கின்றன என்று ஆராய்ந்தது. மிக மோசமாகக் கெட்டவற்றில், ஆவாரம்பட்டையில் பதனிட்டு இந்தியாவில் இருந்து போன தோலும் இருந்தது. ஆவாரம்பட்டை போன்றவற்றின் டானின் அமிலத்தைத் தாங்குவதில்லை. கடுக்காய் வகை டானின் கொஞ்சம் தாங்கும். நம்ம ஊர்த் தோல் கற்றுக்கொடுத்த பாடம், டெக்சாஸ் உறைக்கும் பொருந்தும்.

கல்லாறு மாதிரி ஊரில் வைத்திருந்தால்?

திருவனந்தபுரத்தில் இருந்து பொன்முடி போகிற வழியில் இருக்கிறது கல்லாறு. ஆறு, காடு, தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழை. பார்க்க அழகான ஊர், பழைய தோலுக்குச் சோதனையான ஊர். அருங்காட்சியகங்கள் தோலை 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தில் வைக்க முயல்கின்றன. 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சை பிடிக்கும். அங்கே மழை மாதங்களில் அறைக்குள் இருக்கும் ஈரப்பதம் இதைச் சுலபமாகத் தாண்டும். சென்னை, நாகர்கோவில்காரர்களும் நிம்மதியாக இருக்க முடியாது.

ஓஹாலா பாணி உறை என்றால் கவலை இரட்டிப்பு. உள்ளே இருக்கும் தகடு இரும்பாக இருந்தால் துருப்பிடித்து, கறை வெளித்தோல்வரை வரும். இரவில் மட்டும் ஏசி போடும் அறையும் நல்லதல்ல. தினமும் ஈரப்பதம் ஏறி இறங்குவதில் தோல் விரிந்து சுருங்கி வெடிக்கும். நன்றாக மூடும் பெட்டி, சிலிக்கா ஜெல், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பத மீட்டர். இவ்வளவு போதும். பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே நின்றுவிடும்.

என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

• மென்மையான காய்ந்த பிரஷால் தூசி தட்டுங்கள். தண்ணீரும் சோப்பும் வேண்டாம். கெட்டுப்போன பழைய தோல் ஈரம் பட்டால் கறுத்து விறைத்துவிடும்.

• செருப்பு பாலிஷ், தேங்காய் எண்ணெய், குளம்பு எலும்பில் எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய், எதுவும் வேண்டாம். அன்றைக்கு அழகாக இருக்கும். பிறகு கறுக்கும், தூசியை இழுக்கும், முத்திரை மங்கும்.

• மேலே வெள்ளைப் படலம் இருந்தால் பூஞ்சை என்று முடிவு கட்டாதீர்கள். பழைய கொழுப்பு வெளியே வந்து படிந்ததாகவும் இருக்கலாம். ஓரத்தில் ஒரு சின்ன இடத்தில் ஹேர் டிரையரின் மிதமான சூட்டைச் சில நொடி காட்டுங்கள். உருகினால் கொழுப்பு, உருகாவிட்டால் பூஞ்சை. பூஞ்சை என்றால் மற்ற பொருட்களில் இருந்து பிரித்து, மாஸ்க் போட்டுக்கொண்டு, வெளியே வைத்துத் தட்டுங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள்.

• வளையங்களில் பித்தளை எதையும் செருகி வைக்காதீர்கள். தோலின் கொழுப்போடு சேர்ந்து பச்சைக் களிம்பு பிடிக்கும். ஏற்கெனவே பிடித்திருந்தால் மூங்கில் குச்சியால் மெதுவாகச் சுரண்டுங்கள்.

• உறைக்குள் அமிலமில்லாத டிஷ்யூ பேப்பரைத் திணித்து வடிவத்தைக் காப்பாற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம். பெல்ட்டை ஆணியில் தொங்கவிடாமல் படுக்கையாக வையுங்கள்.

• தையல் விட்டிருந்தால் அப்படியே விடுவது நல்லது. தைத்தே ஆகவேண்டும் என்றால் பழைய துளைகளிலேயே லினன் நூலால் தைக்கச் சொல்லுங்கள். புதுத் துளை ஒன்றுகூடக் கூடாது.

• கையில் செம்பொடி ஒட்டினால் நிறுத்திவிட்டு, தோல் பாதுகாப்பு தெரிந்த நிபுணரைக் கேளுங்கள். உதிர்வதை ஓரளவு நிறுத்தலாம், போன பலம் திரும்ப வராது.

லைசென்ஸ் வேண்டுமா?

காலி உறைக்கும் பெல்ட்டுக்கும் வேண்டாம். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஆயுதம், அதன் பாகங்கள், தோட்டா, தோட்டாவின் பாகங்கள் ஆகியவற்றைத்தான் பேசுகிறது. அதனால் வெளிநாட்டில் இருந்து பெல்ட் வாங்கும்போது வளையங்களில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். பார்வைக்கு வேண்டுமென்றால் மரத்தில் கடைந்த குண்டு போதும். பொம்மைத் துப்பாக்கியாக இருந்தாலும் விமானத்தில் கைப்பையில் எடுத்துப் போக முடியாது.

இன்னொரு சட்டம் 1972-ன் தொல்பொருட்கள் சட்டம். 100 வயதைத் தாண்டிய கைவினைப் பொருள் தொல்பொருளாகக் கருதப்படலாம். அப்படிப்பட்டதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வாங்கிவிட்டுப் பிறகு வெளிநாட்டில் விற்கலாம் என்ற கணக்கு இங்கே உதவாது.

நம்ம ஊரில் என்ன சேகரிக்கலாம்?

போலீஸ் அதிகாரிகள் தோளின் குறுக்கே அணியும் சாம் பிரவுன் பெல்ட் இந்தியாவில் பிறந்ததுதான். 1858 சண்டையில் இடது கையை இழந்த சாம் பிரவுன், வாளை ஒற்றைக் கையால் உருவ வசதியாக வடிவமைத்தது. அதிலும் துப்பாக்கி உறை மாட்டலாம். 19-ம் நூற்றாண்டிலேயே கான்பூரில் ராணுவத்துக்கான சேணத் தொழிற்சாலை இருந்தது. ஆகவே பழைய தோல் உறைகளைத் தேடக் கடல் தாண்ட வேண்டியதில்லை.

தமிழ் கௌபாய் படங்களின் பெல்ட்டுகளும் இருக்கின்றன. சினிமாவுக்கு வாடகைக்கு விடும் பொருட்களை அடுத்த படத்துக்காக வெட்டுவார்கள், சாயம் அடிப்பார்கள், அளவு மாற்றுவார்கள். கோடம்பாக்கத்தில் அப்படி ஒன்று கையில் கிடைத்தால், அந்தச் சாயத்தையும் கூடுதல் துளையையும் அப்படியே விடுங்கள். நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், அளவுகளைக் குறியுங்கள், கொடுத்தவர் சொன்ன படத்தின் பெயரையும் வாங்கிய தேதியையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். பிரஷை அதற்கப்புறம் எடுக்கலாம்.